கரை இல்லாத தொட்டி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார். அவர் தவறியதும் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதுவரை தவளையைக் கண்டால் தள்ளிப் போகிறவள் நான். சேர்ந்த முதல் வாரமே, சாக்குக்குள் கை விட்டுத் தவளையை எடுத்துக் குளோரோபார்ம் ஜாடியில் போடச் சொன்னார்கள். போட்டேன். வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அருவருப்பெல்லாம் பார்க்க முடியாது.

பிறகு அது கை வந்த வேலையாகிவிட்டது. மயங்கிய தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் கையையும் காலையும் குண்டூசியால் குத்தி வைத்தால், கல்லூரிப் பிள்ளைகள் வந்து அறுப்பார்கள். அது தவிர, பக்கத்து அறையில் கண்ணாடி ஜாடிகளில், கெடாமல் இருக்கப் பார்மலினில் முக்கி வைத்திருக்கும் செத்த உயிரினங்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பார்மலின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். குறைந்தால் உள்ளே இருப்பதன் விரலோ மூக்கோ மேலே தெரியும். தெரிந்த இடம் காய்ந்து கறுத்துப் போகும். அப்போது துறைத்தலைவராக இருந்தவர் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. ஒரு விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வகுப்பில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்குவார். அதனால் வாரம் தவறாமல் ஒவ்வொரு ஜாடியையும் கழுத்து வரைக்கும் நிரப்பிவிடுவேன். இப்போதும் எங்கே கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்தாலும், அது நிறைந்திருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

தவளை அறுப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆய்வகத்தில் என் வேலை தேய்ந்துகொண்டே வந்தது. கம்ப்யூட்டரில் தவளையை அறுக்கலாமாம். பிளாஸ்டிக் தவளை ஒன்றும் வாங்கினார்கள். வயிற்று மூடியைத் திறந்தால் கல்லீரல் கையோடு வரும். அதைத் துடைத்து வைப்பதற்கு ஒரு ஆள் எதற்கு என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். இப்போதிருக்கும் துறைத்தலைவருக்கும் தோன்றியது. என்னைவிடச் சின்னவர், மரியாதையான பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். போன ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, அடுத்த பருவத்திலிருந்து என்னை ஆபீசுக்கு மாற்றலாமா என்று அங்கே கேட்கிறார்கள், தானும் சரியென்று சொல்லிவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னார்.

ஆபீஸ் என்றால் கோப்பு தூக்குவது, தேநீர் வாங்குவது, முத்திரை குத்துவது. அந்த வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஆய்வகத்தில் தெரிந்துகொண்டது. வகுப்பு நடக்கும்போது நான் பின்னால் நின்று கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருப்பேன். காதை மூடிக்கொண்டு கழுவ முடியாதல்லவா? இருபத்தாறு வருடம் ஒரே பாடத்தைக் கேட்டால் சுவருக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும்.

எல்லாப் பாடத்திலும் எனக்குப் பிடித்தது, உயிர்கள் தண்ணீரைவிட்டு நிலத்துக்கு வந்த கதை. அதற்கென்று சுவரில் ஒரு சார்ட் உண்டு. அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது பக்கம் ஒரு மீன், நடுவில் காலுள்ள மீன், வலது பக்கம் மார்பை நிமிர்த்திக்கொண்டு தரையில் நிற்கிற பிராணி. ஏதோ டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கின மாதிரி. பாடம் அப்படிச் சொல்லவே இல்லை. ஆழமில்லாத, செடிகொடி மண்டிய, காற்றுக் குறைந்த தண்ணீரில் சில மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிப் பிழைத்தன. அவற்றின் துடுப்புக்குள் எலும்பு இருந்தது. அந்தத் துடுப்பு விரல் வைத்த காலானதும் தண்ணீருக்குள்ளேயேதான். சேற்றை உந்தவும் செடியை விலக்கவும் அது உதவியது. நிலத்துக்குப் போக வேண்டும் என்று எதுவும் புறப்படவில்லை. கால் முதலில் வந்தது, கரை பிறகுதான் வந்தது. அதற்கும் கோடி வருடத்துக்கு மேல் ஆனது. சார்ட் வரைந்தவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

அடுத்து வரும் ஜனவரியில் கண்காட்சி நடத்துவதாக இருந்தார்கள். விலங்கியல் துறைக்குக் கிடைத்த தலைப்பு இதுவேதான். பிள்ளைகள் தெர்மாகோலில் மீன் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் துறைத்தலைவரிடம் போய், உயிரோடு காட்டலாம் மேடம் என்றேன். முட்டையிலிருந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டைக்குக் கால், காலோடு கரையேறுவது, எல்லாவற்றையும் கண்ணெதிரே காட்டலாம். கோடி வருடத்தில் நடந்ததை ஒரு தவளைக் குஞ்சு ஆறேழு வாரத்தில் தன் உடம்பில் செய்து காட்டிவிடுகிறது என்று அவர்தானே வகுப்பில் சொல்வார். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“முடியுமாக்கா?”

“முடியும் மேடம்.”

“அப்ப செய்ங்க. ஆபீஸ் விஷயத்த அதுக்குப் பொறவு பேசுவோம்” என்றார்.

முன்பு எங்களுக்குச் சாக்கில் தவளை கொண்டுவந்து கொடுத்த அண்ணாச்சி சீவலப்பேரிக்காரர். இப்போது வயல் வேலைதான் பார்க்கிறார். பிசானப் பருவத்து நெல் நடவு தொடங்கும் நேரம். நல்ல மழையும் பெய்திருந்தது. வயலில் தேங்கிய தண்ணீரில் பாலாடை மாதிரி மிதந்த தவளை முட்டைகளை ஒரு வாளியில் அள்ளிக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டு, முன்சீட்டுக்கு மாறிப் போனார்.

ஆய்வகத்தில் இருந்ததிலேயே பெரிய கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு முட்டைகளை விட்டேன். கீரையை வேகவைத்துக் கொடுத்தேன். கழிவை உறிஞ்சி எடுத்தேன். பிள்ளை வளர்க்கிற மாதிரிதான் வளர்த்தேன். பின்னங்கால் முளைத்ததும் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். முன்னங்கால் உள்ளுக்குள்ளேயே வளர்ந்து, ஒரு நாள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அது வந்த சனிக்கிழமை எனக்கு நிலைகொள்ளவில்லை. துறைத்தலைவரே போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கிளம்புவதற்கு முன்னால் தொட்டியை வழக்கம்போல விளிம்பு வரை நிரப்பி, தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் இருந்தேன். திங்கள் காலை கதவைத் திறந்தால், நாலு காலும் முளைத்தவை அத்தனையும் செத்துக் கிடந்தன. அடியில் சில, மேலே மிதந்தபடி சில. கால் வராத மூன்று நான்கு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. துறைத்தலைவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “விடுங்கக்கா, அந்த பிளாஸ்டிக் மாடலையே வச்சிக்கிடலாம்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ தவளைகளை என் கையால் ஜாடிக்குள் போட்டிருக்கிறேன், அன்றைக்கெல்லாம் வராத அழுகை. இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

செத்ததை வீணாக்க வேண்டாம் என்று ஒரு சின்ன ஜாடியை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. உருப்படியாக இருந்த ஒன்றை உள்ளே விட்டு, பார்மலினை ஊற்றினேன். முன்கை ஒன்று மேலே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், மூக்கு மட்டும் தெரிந்தது. அதுவும் முங்கட்டும் என்று கழுத்து வரை ஊற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது. தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். நாலு பக்கமும் வழுவழுவென்று கண்ணாடி. கரை என்று ஒரு கையளவு இடம் இல்லை.

நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முன்னங்கால் வெளியே வருகிற அந்தச் சில நாளில்தான் செவுள் போய் நுரையீரலுக்கு மூச்சு மாறுகிறது. தோல் வழியாகக் கொஞ்சம் மூச்சு வாங்கும்; ஆனால் அது போதாது. ஏறி உட்கார இடம் வேண்டும். இல்லாவிட்டால் நீந்தி நீந்தி ஓய்ந்து மூழ்கிப் போகும். பாடத்தில் வருஷா வருஷம் கேட்டதுதான், என் வாயால் ஒப்பிக்கக்கூட முடியும். கை மட்டும் வேறு பாடம் படித்திருந்தது. செத்ததை வெளியே தெரியாமல் முக்கி வைத்தே பழகிய கை, உயிரோடு இருந்ததையும் முக்கிவிட்டது. இந்தத் தப்பை வயலில் வேலை செய்கிற யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே துறைத்தலைவரின் அறைக்குப் போய், தப்பு தவளையிடம் இல்லை, என்னிடம்தான், இன்னொரு தடவை செய்கிறேன் என்றேன். பரீட்சை வருகிறது, கிறிஸ்துமஸ் விடுமுறை வருகிறது என்று அவர் இழுத்தார். லீவு எனக்கு வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுபடியும் சீவலப்பேரிக்குப் போனேன். இந்தத் தடவை வாளியைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கவில்லை. வரப்பில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அங்கே வயல் தண்ணீர் ஒரே ஆழமாக இல்லை. வரப்பை நெருங்க நெருங்கக் குறைந்து, கடைசியில் வெறும் ஈரமாக முடிந்தது. அந்த ஈரத்தில், வால் இன்னும் போகாத பொடிக் குஞ்சுகள், உடம்பில் பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலுமாக உட்கார்ந்திருந்தன. அண்ணாச்சி பின்னங்கால் மொட்டு விட்ட தலைப்பிரட்டைகளாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். முதல் தொகுதி என்னாயிற்று என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“தவளய தண்ணில முக்கிக் கொன்ன ஆளு நீங்க ஒருத்திதாங்க்கா” என்றார். “பையப் பைய கொண்டு போங்க, குலுங்கிரக் கூடாது.”

ஆற்றோரத்து வண்டலைக் கொஞ்சம் பையில் கட்டிக்கொண்டேன். ஆய்வகத்தில் பழைய மெழுகுத் தட்டு ஒன்றை எடுத்து, குண்டூசி ஓட்டைகளின் மேல் வண்டலை மெத்தையாகப் பூசி, தொட்டிக்குள் சாய்த்து வைத்தேன். தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். குறைத்த பிறகு என் கை அரிக்காத நாளில்லை. தொட்டி காலியாகக் கிடக்கிற மாதிரியே தோன்றும், குவளையைத் தூக்குவேன், பிறகு கீழே வைப்பேன். கடைசியில் குவளையைப் பூட்டி வைத்துவிட்டேன்.

விடுமுறையில் ஒரு நாள் விடாமல் போனேன். கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனை முடிந்ததும் புதுச்சேலையோடு நேரே கல்லூரிக்குத்தான் போனேன். இன்றைக்குமா என்று கேட்டார் காவலாளி. அதுகளுக்குப் பண்டிகை தெரியுமா என்றேன். வீட்டில் மகள் இரண்டு நாள் பேசவில்லை. சமையலை நேரத்துக்கு முடித்து வைத்துவிட்டுத்தான் போனேன் என்பதால் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் பிந்தைய திங்களன்று காலை பத்து மணி இருக்கும். முன்னங்கால் வந்து இரண்டு நாளான ஒன்று, சரிவின் ஓரத்துக்கு வந்து மூக்கை வெளியே நீட்டியது. அப்போது அது எதுவும் தின்பதில்லை. உறிஞ்சும் வாய் போய் அகல வாய் உருவாகிறவரை, தன் வாலைக் கரைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. பக்கவாட்டில் இருந்த கண் மேலே ஏறியிருந்தது. தொண்டை படபடவென்று ஏறி இறங்கியது. முன்னங்கால் இரண்டையும் வண்டலில் ஊன்றி உடம்பை இழுத்தது. தண்ணீருக்குள் கனமே இல்லாமல் இருந்த உடம்பல்லவா? வெளியே வந்ததும் கால் விரிந்து வயிறு தரையில் அடித்தது. திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை ஏறி, வால் குச்சி மண்ணில் இழுபட, சரிவின் பாதி தூரம் போய் உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. மீனுக்கு இமை கிடையாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

வியாழக்கிழமைக்குள், தொட்டியில் பிழைத்திருந்த ஆறும் கரையேறிவிட்டன. கண்காட்சி வெள்ளிக்கிழமை. துறைத்தலைவர் வந்து பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். சிறப்பு விருந்தினரை முதலில் இங்கேதான் கூட்டிவருவேன் என்றார். எல்லாம் சரிதான், ஆனால் இரண்டு நாளாக எனக்கு ஒரு கவலை இருந்தது. வால் போனவற்றுக்குப் பசி வந்துவிட்டது. அசைகிற இரையைத்தான் அவை கண்ணெடுத்துப் பார்க்கும். வாழைப்பழத் தோலை அழுக வைத்துச் சின்ன ஈக்களைச் சேர்த்துப் பார்த்தேன். தொடவில்லை. கண்ணாடி இருப்பது தெரியாமல் வெளிச்சத்தைப் பார்த்துத் தாவி, மூக்கை இடித்துக்கொண்டே இருந்தன. வெள்ளி காலை ஆறரைக்கு நான் போய்ப் பார்த்தபோது ஒன்று செத்திருந்தது. மூக்கு நுனியில் தோல் போயிருந்தது.

மீதி ஐந்து. பத்து மணிக்கு விருந்தினர். இரண்டு நாள் கண்காட்சி முடியும்வரை இவற்றில் எத்தனை இருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இவை இருந்தால் நான் இந்த ஆய்வகத்தில் இருப்பேன். அதுவும் எனக்கு நன்றாகத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஐந்தையும் ஈரக்கையில் பொத்தி எடுத்துக்கொண்டு, ஆய்வகத்துக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிப் புல் மண்டிக் கிடக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே எறும்பும் பொடிப் பூச்சியும் ஏராளம். கையைத் தரையில் வைத்துத் திறந்தேன். நாலு உடனே போய்விட்டன. ஒன்று மட்டும் என் விரலில் உட்கார்ந்திருந்தது, தட்டிவிட வேண்டியிருந்தது.

உள்ளே வந்து, எதைக் காட்டப் போகிறேன் என்று தொட்டியைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நீர்மட்டம் இறங்கிய இடத்து வண்டல் லேசாக இறுகியிருந்தது. அதில் புள்ளி புள்ளியாகக் கால்தடம். முன்னங்காலுக்கு நாலு விரல், பின்னங்காலுக்கு ஐந்து. நடுவில் வால் இழுபட்ட கோடு. கையடக்க லென்ஸை ஒரு தாங்கியில் மாட்டி அதற்கு நேராக வைத்தேன்.

துறைத்தலைவர் பட்டுச்சேலையில் ஓடிவந்தார். விட்டுவிட்டேன் மேடம் என்றேன். அவர் முகம் செத்துப் போனது. என்னைக் கேட்காமலா என்று மட்டும் கேட்டார். அதற்குள் சிறப்பு விருந்தினர் கல்லூரி முதல்வரோடு உள்ளே வந்துவிட்டார். வயதான மனிதர், தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தவளை எங்கே என்று பொதுவாகக் கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் நாலு பேர் முன்னால் நின்று பேசியதே இல்லை. ஆனாலும் குரல் வந்தது.

“கரையேறிப் போயிட்டு, சார். அதுக்குத்தான் வளத்தேன்.”

பிறகு லென்ஸைக் காட்டினேன். எது முதல் கால் வைத்த இடம், எது விழுந்து எழுந்த இடம், வால் கோடு எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காற்றை விழுங்கிய மீனையும், துடுப்புக்குள் இருந்த எலும்பையும் சொன்னேன். முட்டைக்கு ஓடு இல்லாததால் தவளை இன்னும் தண்ணீரைத் தேடித் திரும்ப வேண்டியிருப்பதைச் சொன்னேன். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் நாலு காலில் நடந்த முதல் பிராணிகளின் எலும்பைவிடப் பழையதாக, சேற்றில் பதிந்து கல்லாகிப்போன அவற்றின் கால்தடம்தான் கிடைத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். முதல் தடவை எல்லாவற்றையும் எப்படிக் கொன்றேன் என்பதையும் மறைக்கவில்லை. விருந்தினர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு எந்தக் கல்லூரியில் படிப்பு என்று கேட்டார். பத்தாம் வகுப்பு, சார் என்றேன். அவர் மறுபடி லென்ஸில் குனிந்தார்.

அவர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகும் துறைத்தலைவர் போகவில்லை. பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரும் லென்ஸில் கண் வைத்துப் பார்த்தார். எழுந்திருக்கும்போது அவர் முகத்தில் கோபம் முழுசாகப் போயிருக்கவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்க்கா.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம்.”

“ஆமா, சொல்லியிருப்பேன்.” வாசல் வரை போய்த் திரும்பினார். “ஆபீஸ்ல கேட்டா, இங்கன ஆள் வேணும்னு சொல்லிருதேன்.”

வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் நின்ற பெண், இந்தத் தொட்டியில் ஒன்றுமே இல்லையே என்றாள். கிட்ட வந்து குனிந்து பார் என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.